மாமாவின் கணக்கில் ஓடிய போன்

எனக்குப் போன் திருத்தத் தெரியாது, சேர். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ஊரில் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வார்கள். ஓட்டமாவடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் உள்ள அத்தனை போனும், அந்தப் பக்கம் உள்ளதில் முக்கால்வாசியும் இந்தக் கையால்தான் கண் திறந்தன. வாவி நண்டுக்கு விரல் இருந்திருந்தால் அதுவும் ஒரு போனை வாங்கிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றிருக்கும். ஆனால் எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று. போன் ஏதாவது கேட்டால் 'சரி' என்று அழுத்துவேன். மற்றவர்கள் அந்தச் 'சரி'க்குப் பயந்தார்கள். காலமெல்லாம் கடதாசி ஆலையில் யானை மாதிரி மெஷினுக்கு முன்னால் நின்று பென்சன் எடுத்தவன் ஒரு பொத்தானுக்குப் பயப்படுவானா?

திடீர் மரண விசாரணை அதிகாரி என்ற முறையில் நீங்கள் கேட்டது ஒரு கேள்விதான். என் மருமகன் நிஸ்தார் காணாமல் போயிருந்த அந்த நாட்களில், அவர் எங்கே கிடந்தார் என்று இந்த வீட்டில் யாருக்காவது தெரிந்திருந்ததா? திரைக்குப் பின்னாலிருந்து என் மகள் றிஸ்னா இல்லை என்று சொன்னாள். அது உண்மை. அடுத்தது என் முறை. நீங்கள் பேனையை மூடிவிட்டீர்கள். வயசாளியைக் கரைச்சல்படுத்த வேண்டாம் என்று நினைத்திருப்பீர்கள். அந்த மரியாதைக்கு நன்றி. பேனையைத் திறவுங்கள்.

நிஸ்தார் வாழைச்சேனைத் துறைமுகத்தில் படகு எஞ்சின் திருத்துகிறவர். கட்டாரில் இருக்கும் அவருடைய கூடப்பிறந்த மூத்த காக்கா அவருக்கு ஒரு போன் அனுப்பினார். சீனத்துப் போன். அதன் முதுகில் முகம் பார்த்துத் தலை வாரலாம். அதில் நிலாவைப் படம் எடுத்தால், அங்கே கிடக்கிற கல்லுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் பெயர் வைக்கலாம். ஆனால் திறந்து பார்த்தால் உள்ளே வரைபடம் இல்லை, மெயில் இல்லை, மற்றப் போன்களில் இருக்கிற ஒன்றுமே இல்லை.

"மாமா, இது போனா, மொகம் பாக்கிற கண்ணாடியா?" என்றார் நிஸ்தார்.

"குளிப்பாட்டிக் கபன் போட்டு வெச்ச மையத்து மாதிரி இரிக்கி" என்றாள் றிஸ்னா. "நல்ல வடிவு. உசிர் மட்டுந்தான் இல்ல."

"வாயக் கழுவு புள்ள. உசிர் நான் குடுக்கன்" என்றேன்.

"வாப்பா குடுப்பார். வாப்பா நெனச்சா அம்மிக்கும் சிம் போடுவார்."

விஷயம் இதுதான், சேர். போனைச் செய்கிற கம்பனி ஒன்று. அதற்குள் ஓடுகிற உயிர் இன்னொரு கம்பனியுடையது. உலகத்தில் பெரும்பாலான போன்கள் அப்படித்தான் என்று எனக்கும் அப்போதுதான் தெரியவந்தது. கண்ணாடி, கமரா, பற்றரி எல்லாம் இவன் செய்வான். அவன் ஒரு நாள் கையை மடக்கினால் இவன் செய்ததெல்லாம் வெறும் ஓடு. இரண்டு அரசாங்கங்களுக்குள் சண்டை வந்தது. அந்தச் சீனக் கம்பனிக்கு மற்றக் கம்பனி எதையும் கொடுக்கக் கூடாது என்று ஆனது. அந்தச் சண்டை கடல் கடந்து வந்து எங்கள் வீட்டுக் கதிரையில் குந்திக்கொண்டது.

இதற்குச் சுற்றுவழி ஒன்று இருந்தது. போனுக்குள் ஒரு குட்டிப் போனைக் கட்டி, அதற்குள் மற்றவனுடைய மெயிலையும் வரைபடத்தையும் ஓட விடுவது. ஆனால் அந்தக் குட்டிப் போன் புதுக் கணக்குத் திறக்க மறுத்தது. ஏற்கனவே ஓடுகிற ஒரு கணக்கைக் கொண்டுவா என்றது. நிஸ்தாருக்கு அப்படி ஒன்று இல்லை. நான் என் கணக்கைப் போட்டேன். போன் கண்ணைத் திறந்தது. நிஸ்தார் என் கையைப் பிடித்து முத்தமிட்டார்.

இதில் கள்ளம் இல்லை. ஊரில் பாதிப் பேருக்கு நான் அப்படித்தான் செய்தேன். கடவுச்சொல் என்ன வைக்க என்று கேட்டால், "நீங்களே ஒண்டப் போடுங்க காக்கா, எனக்கென்ன தெரியும்" என்பார்கள். நான் என்னுடையதையே போட்டுவிடுவேன். ஒரு கணக்கில் நாலு வீட்டுப் போன் ஓடும். அதன் பலன் எனக்குப் பிறகுதான் விளங்கியது. அவர்களுடைய பெயர்கள், நம்பர்கள், படங்கள் எல்லாம் ஆறு கடலில் விழுவது போல என்னுடைய டெப்புக்குள், அந்தப் பலகை மாதிரிப் பெரிய போனுக்குள், வந்து விழுந்தன. நான் அங்கே ஒரு பெயரை மாற்றினால் அவர்களுடைய போனில் அது மாறும். பக்கத்து வீட்டுக் கைறுன்னிஸாவின் போனில் அவளுடைய சம்மந்தியின் பெயரை எடுத்துவிட்டு 'நுளம்பு' என்று போட்டேன், இரவில் கடிக்கிற கொசுதான். அடுத்த நாள் ஓடி வந்தாள்.

"காக்கா, போனுக்குச் சைத்தான் புடிச்சிரிக்கி. சம்மந்திட பேரக் காணல்ல. நுளம்பு கோல் எடுக்குதெண்டு காட்டுது."

"எந்நேரம் எடுத்த?"

"பொழுதுபடக்குள்ள, மஃரிபோட."

"அப்ப நுளம்புதான். மஃரிபோடதானே அது வரும்."

நான் சிரித்த சிரிப்பில் கூரை ஓடு இரண்டு கழன்று விழுந்தது. றிஸ்னாவும் சிரித்தாள். எனக்கு வேறு விளையாட்டு ஒன்றும் இருக்கவில்லை. என் மனைவி சித்தி நபீஸா மவுத்தாகிப் போன பிறகு அந்தப் பின்பக்கத்து அறையில் நானும் அந்த டெப்பும்தான். பயப்பட வேண்டாம், உங்கள் வீட்டுப் போன் எதுவும் என்னிடம் வரவில்லை. வந்திருந்தால் ஞாபகம் இருக்கும்.

பின்பக்கத்து அறை என்றேன். அதையும் எழுதுங்கள். எங்கள் பகுதி வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுப்போம். கட்டி முடித்த அன்றைக்கே வீடு அவளுடைய பெயருக்குப் போய்விடும். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து முன் அறையில் இருப்பார். கல் சுமந்தவன் பின்னால் போவான். இதில் யாருக்கும் குறை இல்லை, எனக்கும் இருக்கவில்லை. நான் கட்டிய வீட்டில் அவர்கள் இருந்தார்கள், பேத்தி அஸ்மியா ஓடித் திரிந்தாள், சோறு நேரத்துக்கு வந்தது. ஆனால் அந்தச் சீனத்துப் போனைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அதைச் செய்த கம்பனியின் மேல் ஒரு பாசம் வரும். என் வீட்டுக்கும் அதே கதைதான்: செய்தவன் நான், ஓட்டுகிறவன் நீ. நீ எழும்பிப் போனால் நான் வெறும் சுவர்.

ஒரு நாள் டெப்பைத் திறந்தேன். நிஸ்தார் அனுப்பிய ஒரு மெயில் அங்கே கிடந்தது. கட்டாரில் ஒரு படகுத்துறைக்கு வேலை கேட்டு எழுதியிருந்தார். குடும்பத்தோடு வர விருப்பம் என்று கடைசி வரி. அவர் தன்னுடைய மெயிலில் எழுதுவதாகத்தான் நினைத்திருந்தார். பெட்டி ஒன்று, அதற்கு வாசல் இரண்டு என்று அவருக்குத் தெரியாது. மாமாவின் கணக்கு என்று தெரியும். அதன் அர்த்தம் தெரியாது.

நான் கோபப்படவில்லை. யோசித்தேன். அந்தக் கம்பனியின் பெயரில் வருகிற மெயில் எதுவும் முன்னுக்கு வராமல், சத்தம் போடாமல், நேரே ஒரு மூலை அலுமாரிக்குள் போய்ப் படுக்கும்படி ஒரு 'சரி' அழுத்தினேன். அழிக்கவில்லை. அடுத்தவருடைய கடிதத்தை அழிப்பது பாவம். ஒதுக்கி வைத்தேன்.

பதில் வந்தது. நல்ல பதில். வேலை, வீடு, குடும்பத்துக்கு விசா, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். வாசித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. அவ்வளவு மரியாதையாக என் மருமகனுக்கு யாரும் எழுதியதில்லை. பிறகு, ஏன் பதில் இல்லை என்று கேட்டு ஒன்று வந்தது. அதற்குப் பிறகு, வேறு ஆளை எடுத்துவிட்டோம் என்று ஒன்று.

இதற்கிடையில் அவர் என்னிடம்தான் வருவார்.

"மாமா, மெயில் ஒண்டும் வரல்ல."

"பெரிய கம்பனி, மருமகன். ஆறுதலாத்தான் அனுப்புவான்."

"போன்ல ஏதும் பிழையோ? சீனத்துச் சாமான் எண்டபடியால் தடுக்குதோ?"

"நான் போட்ட போன்ல பிழையா?"

"சே, அப்பிடிச் செல்லல்ல மாமா" என்று தலையைக் குனிந்தார். என் மேல் சந்தேகப்பட்டது போல ஆகிவிட்டதே என்று அவருக்கு வெட்கம். அந்த முகம் எனக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்கு நான் சரியாகச் சாப்பிடவில்லை. குற்ற உணர்வு என்று ஒன்று எனக்குள் முளைத்தது அன்றைக்குத்தான். எனக்கு மனசாட்சி இல்லை என்று யாரும் எழுதிவிடக் கூடாது.

கட்டார் இல்லை என்று ஆனதும் அவர் கிடைத்த வேலையெல்லாம் எடுத்தார். மாரி தொடங்கியிருந்தது. கடல் குழம்பிக் கிடந்தது. மாங்கேணியில் ஒருவருக்கு, எஞ்சின் திருத்தின படகைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. லொறியில் ஏற்றினால் கூலி அதிகம் என்று கடலாலேயே ஓட்டிக்கொண்டு தனியாகப் போயிருக்கிறார். இதெல்லாம் பிறகு தெரிந்தவை. வீட்டில் சொன்னால் றிஸ்னா விடமாட்டாள் என்று, "ஆத்துல எஞ்சினக் கொஞ்சம் ஓட்டிப் பாத்துட்டு வாறன்" என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து, சோறு தின்று, அஸ்மியாவின் மூக்கைக் கிள்ளிவிட்டுப் போனார்.

பொழுதுபட்டும் வரவில்லை. ஊர் திரண்டது. நாங்கள் ஆறு என்று சொல்கிற அந்த வாவியை மூலை முடுக்கெல்லாம் தேடினார்கள். கரையோரச் சேற்றில் வளர்கிற கண்ணாப் பற்றைக்குள் புகுந்து தேடினார்கள். பொலிசுக்குப் போனோம். டவரை வைத்துப் போனைப் பிடிக்கலாம், அதற்கு நீதிமன்றத்தில் ஓடர் எடுக்க வேண்டும், திங்கட்கிழமை பார்க்கலாம் என்றார்கள். றிஸ்னா கையில் போனை வைத்துக்கொண்டு விடாமல் அடித்துக்கொண்டிருந்தாள்.

"கோல் போகுது வாப்பா. மணி அடிக்கிது, எடுக்காருல்ல. மணி அடிச்சா ஆள் உசிரோட எண்டுதானே? தண்ணிக்குள்ள விழுந்த போன் அடிக்காது தானே?"

"ஓம் மகள். அடிக்காது."

நான் பின்னால் போய் டெப்பைத் திறந்தேன். தொலைந்த போனைத் தேடித் தருகிற வசதி ஒன்று அந்தக் கணக்கோடு கூடவே வருகிறது. அழுத்தினேன். வரைபடம் விரிந்தது. வாவியில் ஒன்றும் இல்லை. வரைபடம் தானாக வடக்கே நகர்ந்தது. மாங்கேணிக்குக் கொஞ்சம் அப்பால், கல்லுக் கரையும் பற்றையும் சேர்கிற இடத்தில் ஒரு புள்ளி.

றோட்டால் போனால் அரை மணித்தியாலம், சேர்.

இனி நான் சொல்வதைப் பொறுமையாகக் கேளுங்கள், ஏனென்றால் இது நியாயமான யோசனை. நான் எழும்பி வெளியே போய், அவர் மாங்கேணியில் இருக்கிறார் என்று சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். டெப்பைக் காட்ட வேண்டும். டெப்பைக் காட்டினால் என் கணக்கில் அவருடைய போன் ஓடுவதன் அர்த்தம் எல்லாருக்கும் விளங்கும். றிஸ்னா படித்தவள். வாப்பா, அப்ப மெயிலும் உங்களுக்குத்தானே வந்திருக்கும் என்று ஒரே ஒரு கேள்வி கேட்பாள். அந்தக் கேள்வி எனக்கு அங்கேயே கேட்டது.

நீங்கள் கேட்கப் போவது எனக்குத் தெரியும். அந்த மெயில்களை அழித்துவிட்டுச் சொல்லியிருக்கலாமே என்று. நானும் அதைத்தான் நினைத்தேன். அழிப்பதற்காகவே அந்த அலுமாரியைத் திறந்தேன். திறந்தவன் அந்த முதல் கடிதத்தை இன்னொரு தரம் வாசித்தேன். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்ற வரியில் நின்றுவிட்டேன். நிற்கும்போது வெளியே யாரோ கூப்பிட்டார்கள், தேடப் போகிறவர்களுக்குத் தேத்தண்ணி வேண்டுமாம். போட்டுக் கொடுத்தேன். திரும்பி வந்து எல்லாவற்றையும் அழித்தேன். இப்போது சொல்லலாம் என்று பார்த்தால், இவ்வளவு நேரம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். அதற்கு ஒரு பதில் தேட வேண்டியிருந்தது. பதில் தேடத் தேட நேரம் இன்னும் போனது. போன நேரத்துக்கும் சேர்த்துப் பதில் தேட வேண்டியதாயிற்று. பொய்க்கு வட்டி உண்டு என்பதை அன்றைக்குத்தான் விளங்கிக்கொண்டேன்.

அடுத்த நாள் காலையில் புள்ளி கொஞ்சம் நகர்ந்திருந்தது. கல்லுக் கரையிலிருந்து பற்றையின் நிழல் பக்கமாக. அதிகமில்லை. வரைபடத்தில் நக இடுக்களவு.

வரைபடம் சில வேளை அப்படித் தடுமாறும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆலை மெஷினில் அழுத்தம் காட்டுகிற முள் ஆடுவதைப் பார்த்தவன் நான். முள் தானாக ஆடுவதும் உண்டு, உள்ளே ஒன்று ஓடுவதால் ஆடுவதும் உண்டு. வித்தியாசம் எனக்குத் தெரியும்.

அன்றைக்கு நானும் தேடுகிறவர்களோடு தோணியில் ஏறினேன். "இப்றாஹிம் காக்கா, நீங்க வீட்ட இரிங்க, இந்த வயசில என்னத்துக்கு" என்று தடுத்தார்கள். நான் கேட்கவில்லை. வாவி முழுக்க, "மருமகன், மருமகன்" என்று கூப்பிட்டேன். எல்லாரிலும் சத்தமாகக் கூப்பிட்டவன் நான்தான். அந்தச் சத்தத்துக்குக் கரையில் நின்ற கொக்கெல்லாம் மட்டக்களப்பு மாவட்டத்தை விட்டே போய்விட்டன. என்னைப் பார்த்துத் தோணிக்காரன் அழுதான். மாமனுக்கு மருமகன் மேல் இப்படி ஒரு பாசமா என்று. பாசம் பொய் இல்லை, சேர். நான் கூப்பிட்ட இடம்தான் பிழை.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். புள்ளி இருந்த இடத்திலேயே இருந்தது, ஆனால் நிறம் மாறியிருந்தது. பற்றரி செத்துவிட்டது என்று அர்த்தம். றிஸ்னாவின் கையில் இருந்த போனும் அப்போதுதான் மணி அடிப்பதை நிறுத்தியது.

"வாப்பா, இப்ப கோல் போகுதில்ல."

"சார்ச் எறங்கியிரிக்கும் மகள்" என்றேன். அது முழு உண்மை.

திங்கட்கிழமை வரை பொலிசுக்கு வேலை இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையே மாங்கேணியில் மட்டி பொறுக்கப் போனவர்கள் கண்டுவிட்டார்கள். படகு கல்லில் அடித்துக் கவிழ்ந்திருக்கிறது. கால் முறிந்திருந்தது. ஊர்ந்து நிழலுக்குப் போயிருக்கிறார். போனைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுபோனதால் தண்ணீர் ஏறவில்லை, ஆனால் முகக் கண்ணாடி நொறுங்கி, விரல் பட்டாலும் கேட்காத நிலை. மணி அடிக்கும், எடுக்க முடியாது. அந்தக் கண்ணாடி முழுக்கப் பெருவிரல் இரத்தம் அப்பியிருந்தது என்று பொலிஸ்காரர் சொன்னார். றிஸ்னா அடித்த ஒவ்வொரு கோலுக்கும் அவர் அழுத்திப் பார்த்திருக்க வேண்டும். வைத்தியர் உங்களுக்கு எழுதித் தந்ததை நீங்களே வாசித்துக் காட்டினீர்கள். வெள்ளி இரவு உயிரோடு இருந்தார். சனிக்கிழமையும் கனநேரம் இருந்தார்.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில், ஓம். தெரிந்திருந்தது. எனக்கு. முதல் இரவிலிருந்தே.

அவர் மவுத்தாக வேண்டும் என்று நான் ஒரு நொடி கூட நினைத்ததில்லை. அதையும் எழுதுங்கள். வேறு யாராவது அவரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஒரு மீன்காரன், ஒரு விறகுக்காரன், மாங்கேணியில் ஒரு நாய் என்றாலும் போதும். அப்படி நடந்திருந்தால் அவர் கட்டுப்போட்ட காலோடு வந்து முன் அறையில் படுத்திருப்பார், நான் சூப் வைத்துக் கொடுத்திருப்பேன், யாரும் எங்கேயும் போயிருக்க மாட்டார்கள். நான் கேட்டது அவ்வளவுதான். உலகத்தில் இதைவிடச் சின்ன ஆசை வைத்தவன் இருந்தால் கூட்டி வாருங்கள்.

ஏன் இப்போது சொல்கிறேன் என்று பார்க்கிறீர்கள். றிஸ்னா என் மேல் ஒரு குறையும் வைக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நான் தின்னாமல் இருந்தால் அவளும் தின்ன மாட்டேன் என்கிறாள். "வாப்பா, இனி எனக்கு நீங்க மட்டுந்தான்" என்கிறாள். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எல்லாம் செய்தேன் போலும் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதும் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டேன். நீங்கள் எழுதுவதை எழுதுங்கள். பொலிசுக்குப் போகச் சொன்னால் சேர்ட்டை மாற்றிக்கொண்டு வருவேன்.

ஒரு விஷயம் மட்டும் அவளிடம் மெதுவாகச் சொல்லுங்கள். புருசன் மவுத்தானவள் இருக்க வேண்டிய இத்தாவில் அவள் இருக்கிறாள். அந்தக் காலம் முடியும் வரை முன் அறையை விட்டு வெளியே வருவதில்லை. அவளுடைய பழைய போன் அந்த ஓயாத அடிப்பில் பழுதாகிவிட்டது. நேற்றுப் புதுப் போன் ஒன்று எடுத்து, நானே போட்டுக் கொடுத்தேன். "யார்ட கணக்கில போடுற வாப்பா?" என்று கேட்டாள். "என்டதிலயே போடுறன் மகள்" என்றேன். டெப்பில் அவளுடைய புள்ளி இதோ இருக்கிறது, இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், அசையாமல். நீங்கள் பிழையாக நினைக்கக் கூடாது. ஒரு தகப்பனுக்குத் தன் பிள்ளை எங்கே இருக்கிறாள் என்று தெரிந்திருக்க வேண்டும், சேர். இல்லாவிட்டால் ஏதாவது ஒன்று நடந்தால் யார் போய்க் காப்பாற்றுவது?